நடுக்கம் நொடியில் நிற்கிறது, மனம் மாதக்கணக்கில் தேறுகிறது: ஆழ்மூளைத் தூண்டல் பற்றி ஓர் எளிய விளக்கம்

பெரியப்பா கொடுத்த காசோலை ஒன்று வங்கியிலிருந்து திரும்பி வந்தபோதுதான் எங்கள் வீட்டில் முதல் சந்தேகம் எழுந்தது. கையெழுத்து பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார்கள். முப்பது வருடம் கரும்பலகையில் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி எழுதிப் போட்ட வாத்தியார் அவர். அந்தக் காசோலையில் அவர் பெயரின் முதல் எழுத்து ஓரளவு பெரிதாக இருந்தது. போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பு அளவில் நின்றிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவர் வலது கட்டைவிரல் மாத்திரை உருட்டுவது போல ஆடிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் எல்லோரும் கவனித்தோம். நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு பார்க்கின்சன் நோய் என்றார். நடுக்குவாதம் என்பார்களே, அதுதான். எழுத்து இப்படிச் சிறுத்துப்போவதும் அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று.

ஆறேழு வருடம் மாத்திரையில் ஓடியது. ஒருநாள் மருத்துவர், "டி.பி.எஸ். பற்றி யோசிக்கலாம்" என்றார். ஆழ்மூளைத் தூண்டலைத்தான் ஆங்கிலத்தில் சுருக்கி அப்படிச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "தலைக்கு கரண்ட் வைக்கப் போறாங்களா?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க இன்னொன்று தெரிந்தது. நடுக்கத்தை நிறுத்துகிற இதே கருவியை, எந்த மருந்துக்கும் அசையாத கடும் மனச்சோர்வுக்கும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் வியக்கத்தக்க பலன் கிடைத்தது. முறையாகச் சோதித்தபோது அந்தப் பலனைக் காணோம். ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொண்டால், ஒரு சிகிச்சை பலிக்கிறதா இல்லையா என்று மருத்துவ ஆராய்ச்சி எப்படித் தீர்மானிக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் பெரியம்மாவின் கேள்வி. நம்மூரில் 'கரண்ட் வைப்பது' என்றால் மின்னதிர்வுச் சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து, தலைக்கு வெளியிலிருந்து சில நொடிகள் மின்சாரம் செலுத்தி, மூளையில் கட்டுப்பாடான ஒரு வலிப்பை உண்டாக்குவார்கள். சினிமாவில் அதைத் தண்டனை மாதிரி காட்டிக் காட்டிப் பெயரைக் கெடுத்துவிட்டார்கள். உண்மையில் கடும் மனச்சோர்வுக்கு நன்றாக வேலை செய்யும் பழைய சிகிச்சை அது. ஆழ்மூளைத் தூண்டல் வேறு. இதில் மூளையின் உள்ளே, மிகச் சிறிய ஓர் இடத்தில், மெல்லிய மின்துடிப்பு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். வலிப்பு வராது, அதிர்ச்சி இருக்காது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைக்கிறார்களே, கிட்டத்தட்ட அதுபோல மூளைக்கு ஒன்று.

கருவியில் மூன்று பாகங்கள். மூளைக்குள் போகும் மின்முனைக் கம்பி முதலாவது. பரவலாகப் பயன்பட்ட கம்பியின் தடிமன் 1.27 மில்லிமீட்டர், சேமியா இழையின் பருமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் நாலு சின்னச் சின்ன உலோக வளையங்கள். எந்த வளையத்தில் மின்சாரம் ஓட வேண்டும் என்று பிறகு வெளியிலிருந்தே மாற்றலாம். இரண்டாவது, தோலுக்கு அடியில் காதின் பின்பக்கமாகக் கழுத்து வழியே இறங்கும் ஒயர். மூன்றாவது, காரை எலும்புக்குக் கீழே நெஞ்சுத் தோலுக்குள் வைக்கும் பேட்டரிப் பெட்டி. சாதாரண பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரும். சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வகை பதினைந்து வருடம் வரைகூட ஓடும். பார்க்கின்சனுக்கு வழக்கமாக வைக்கும் வேகம் நொடிக்கு 130 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் நொடியின் பத்து லட்சத்தில் 60 பங்கு நேரம்தான் நீடிக்கும்.

கம்பி போய்ச் சேர வேண்டிய இடம் சின்ன அவரை விதை அளவுதான் இருக்கும். சப்தலாமிக் நியூக்ளியஸ் என்று பெயர். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பலன் மாறிவிடும். அதனால் தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பூட்டி, ஸ்கேன் எடுத்து, வரைபடத்தில் ஊர் தேடுவது போல மூன்று திசைகளிலும் அளவு போட்டு இறக்குகிறார்கள். பல இடங்களில் நோயாளி விழித்திருக்கும்போதே இதைச் செய்வார்கள். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. தோலும் மண்டையோட்டின் மேலுறையும்தான் வலிக்கும், அங்கே மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள்.

விழித்திருக்க வைப்பதற்குக் காரணம் உண்டு. நோயாளியின் கையில் ஒரு பேனாவையும் அட்டையையும் கொடுத்து, கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு சுழி வரையச் சொல்வார்கள். நடுக்கத்தோடு வரைந்த சுழி ரம்பப் பல்லாக இருக்கும். மின்சாரத்தை மெல்ல ஏற்றுவார்கள். சரியான இடத்தில் கம்பி இருந்தால், அதே கை அடுத்த தாளில் வழவழப்பான சுழியை வரையும். அணைத்தால் பழையபடி ரம்பம். நடுக்கத்தின் விஷயத்தில் பலன் நொடிகளில் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி இங்கே வர வேண்டியிருக்கும்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1817ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்து எழுதினார். அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் உருப்படியான சிகிச்சை எதுவும் இல்லை. 1952ல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்ற அறுவை மருத்துவர் ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு வேறொரு அறுவை செய்துகொண்டிருந்தபோது ஒரு சின்ன ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. அதைக் கட்டிவிட்டு, செய்ய வந்ததைச் செய்யாமலே முடித்துக்கொண்டார். நோயாளி கண் விழித்தபோது நடுக்கத்தைக் காணோம். அந்தக் குழாய் ரத்தம் கொடுத்துவந்த ஆழமான ஒரு பகுதி செயலிழந்ததுதான் காரணம். அதன்பிறகு மூளையின் ஆழத்தில் திட்டமிட்டு ஒரு புள்ளியைச் சுட்டு அழிக்கும் அறுவைகள் பெருகின. 1960களின் கடைசியில் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா என்ற மாத்திரை வந்ததும் அவை குறைந்துபோயின. அழித்த இடம் அழித்ததுதான், திரும்ப வராது. தவறிப்போனால் பேச்சு குழறும், ஒரு பக்கம் பலவீனமாகும்.

பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் அலிம் லூயி பெனபிட் அப்படிப்பட்ட அறுவைகளைத்தான் செய்துவந்தார். சுடுவதற்கு முன்னால், இடம் சரிதானா என்று பார்க்க, கம்பியில் கொஞ்சம் மின்சாரம் விட்டுச் சோதிப்பது வழக்கம். 1987ல் அப்படிச் சோதிக்கும்போது துடிப்பின் வேகத்தை மாற்றிப் பார்த்தார். மெதுவான வேகத்தில் பலன் இல்லை. நொடிக்கு நூறு துடிப்பு அளவுக்கு ஏற்றியதும் நடுக்கம் நின்றது. அணைத்தால் திரும்பி வந்தது. அப்படியானால் எதற்குச் சுட வேண்டும், கம்பியை அங்கேயே விட்டுவிட்டு மூளைக்கு வெளியே ஒரு பேட்டரி வைத்தால் போதுமே! அவரும் நரம்பியலாளர் பியர் போலாக்கும் அதைத்தான் செய்தார்கள். பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிடலாம் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் மிகப் பெரிய பலம் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் அப்போது குறிவைத்தது தலாமஸ் என்ற பகுதியை. அது நடுக்கத்தை மட்டும் நிறுத்தும், உடல் இறுக்கத்தையும் மந்தத்தையும் தொடாது. அவரை விதை அளவு இடத்தைத் தேடிப் போனதற்குக் காரணம், கலிபோர்னியாவில் நடந்த ஒரு சோகம். 1982ல் அங்கே போதை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் சிலை மாதிரி உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். திருட்டுத்தனமாகத் தயாரித்த ஹெராயினில் எம்.பி.டி.பி. என்ற நச்சுக் கலந்திருந்தது. அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளைச் செல்களைத் தேடித்தேடிக் கொல்லும் நச்சு அது. பார்க்கின்சன் நோயில் சாவதும் அதே செல்கள்தான். நரம்பியலாளர் வில்லியம் லாங்ஸ்டன் குழு அதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, ஆய்வகத்துக் குரங்குகளுக்கு அதைக் கொடுத்து பார்க்கின்சன் நிலையை உண்டாக்க முடிந்தது. அமெரிக்க நரம்பியலாளர் மாலன் டிலாங் அந்தக் குரங்குகளில் சப்தலாமிக் நியூக்ளியஸ் அளவுக்கு மீறி இயங்குவதைக் கண்டார். 1990ல் அவரது குழு அந்த இடத்தைச் செயலிழக்கச் செய்தபோது குரங்குகள் மீண்டும் நடமாடின. சில வருடத்திலேயே கிரெனோபிளில் மனிதர்களுக்கு அதே இடத்தில் கம்பி வைத்தார்கள். 2014ல் பெனபிட்டுக்கும் டிலாங்குக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்றும் விவாதம் ஓய்ந்தபாடில்லை. ஒரு விளக்கம் மட்டும் சொல்கிறேன். சந்தையில் ஆளுக்கொரு பேச்சு பேசினாலும் வியாபாரம் நடக்கும். சந்தை முழுக்க ஒரே கோஷத்தை ஒரே தாளத்தில் போட ஆரம்பித்தால் யாரும் யாரிடமும் விலை கேட்க முடியாது. டோபமைன் குறைந்த மூளையில் அந்த மாதிரி ஒரு கோஷம் கேட்கிறது. நொடிக்கு 13லிருந்து 30 தடவை அடிக்கும் பீட்டா அலை அது. வேகமான மின்துடிப்பு அந்தக் கோஷத்தைக் கலைத்துவிடுகிறது. கோஷம் எழும்போது மட்டும் மின்சாரத்தை ஏற்றிக்கொள்ளும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன.

யாருக்குப் பொருந்தும்?

ஆழ்மூளைத் தூண்டல் நோயைக் குணப்படுத்தாது. உள்ளே செல்கள் சாவது நிற்காது. லெவோடோபா மாத்திரை எதையெல்லாம் சரிசெய்கிறதோ அதைத்தான், நாள் முழுக்க ஏற்ற இறக்கம் இல்லாமல் இதுவும் சரிசெய்யும். மாத்திரைக்கு அசையாத நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. தடுமாறி விழுவது, பேச்சு மங்குவது, மறதி இவற்றுக்கு இது பெரிதாக உதவாது, சில சமயம் கூட்டியும் விடும்.

அதனால்தான் முதலில் ஒரு சோதனை வைக்கிறார்கள். பெரியப்பாவை முந்தின இரவிலிருந்து மாத்திரை இல்லாமல் வரச் சொன்னார்கள். அன்று காலை நாற்காலியிலிருந்து எழ அவர் நாலு தடவை முயன்றார். விரல்களைத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டார்கள். பிறகு மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எழுந்து வராந்தாவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினார். அதில் தேறிவிட்டார். அடுத்தது நினைவாற்றல் சோதனை. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து என்று முள் போடச் சொன்னார்கள். பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பக்கத்திலேயே அடுக்கிவிட்டு, இடது பாதியை வெறுமையாக விட்டிருந்தார். அந்தத் தாளை மருத்துவர் வெகுநேரம் பார்த்தார். அறுவை செய்தால் குழப்பம் கூடக்கூடும், வேண்டாம், மாத்திரை நேரங்களை மாற்றிப் பார்ப்போம் என்றார். பெரியம்மாவுக்கு ஏமாற்றம்தான். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மருத்துவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றே நான் நினைக்கிறேன்.

பொருத்தமானவர்களுக்குப் பலன் உண்டா? 2006ல் வெளியான ஜெர்மனி, ஆஸ்திரியா ஆய்வில் 156 பேர். பாதிப் பேருக்கு அறுவை, மீதிப் பேருக்கு மருந்து மட்டும். ஆறு மாதத்தில் அறுவை செய்தவர்களின் வாழ்க்கைத் தரம் ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்தது, மற்றவர்களிடம் மாற்றமே இல்லை. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் அறுவைப் பிரிவில் அதிகம். மூளையில் ரத்தம் கசிந்து ஒருவர் இறந்தும் போனார். அதையும் அந்த ஆய்வு மறைக்காமல் எழுதியிருக்கிறது. 2013ல் ஜெர்மனியிலும் பிரான்சிலும் 251 பேரை வைத்து இரண்டு வருடம் நடந்த இன்னொரு ஆய்வு, நோயின் முந்திய கட்டத்திலேயே செய்தாலும் பலன் இருப்பதைக் காட்டியது. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997ல் நடுக்கத்துக்கும், 2002ல் பார்க்கின்சனுக்கும், 2018ல் மருந்துக்கு அடங்காத வலிப்புக்கும் அனுமதி கொடுத்தது. இந்தியாவிலும் இந்த அறுவை புதிதல்ல. சென்னை, பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை என்று பல இடங்களில் பார்க்கின்சனுக்குச் செய்கிறார்கள், பல லட்சம் ரூபாய் ஆகும்.

மனத்துக்கு எப்படி வந்தது?

பாரிஸில் ஒரு பெண்மணிக்கு நடந்ததைச் சொன்னால் இது புரியும். வயது 65, பார்க்கின்சன் நோயாளி. அதற்கு முன் மனச்சோர்வு வந்ததே இல்லை. கம்பி வைத்த பிறகு எந்த வளையம் சரிப்படும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒரு வளையத்தில் மின்சாரம் விட்ட சில நொடிகளில் அவர் முகம் வாடியது. அழ ஆரம்பித்தார். வாழவே பிடிக்கவில்லை என்றார். அணைத்ததும் இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் மறைந்து, பழையபடி சிரித்துப் பேசினார். அந்த வளையம், நோய்க்குப் பலன் தந்த வளையத்துக்கு இரண்டே மில்லிமீட்டர் கீழே இருந்தது. 1999ல் இதை வெளியிட்டார்கள். துக்கத்தை ஒரு விசையால் ஏற்றி இறக்க முடிகிறது என்றால், இருக்கிற துக்கத்தை இறக்கவும் முடியுமோ? அந்தக் காலகட்டத்தில் பலர் மனதில் ஓடிய கேள்வி இது. அதே வருடம் பெல்ஜியத்தின் லூவென் நகரத்தில் நாலு பேருக்கு எண்ணச்சுழற்சி நோய்க்காகக் கம்பி வைத்ததை மூளை அறுவை மருத்துவர் பார்ட் நட்டின் குழு வெளியிட்டது. கையை நூறு தடவை கழுவினாலும் திருப்தி வராமல் தவிப்பார்களே, அந்த நோய்.

மனச்சோர்வுக்கான பெரிய முயற்சி கனடாவின் டொராண்டோவில் நடந்தது. ஹெலன் மேபெர்க் நரம்பியலாளர், ஆண்ட்ரெஸ் லொசானோ மூளை அறுவை மருத்துவர், சிட்னி கென்னடி மனநல மருத்துவர். மனச்சோர்வு உள்ளவர்களின் ஸ்கேன்களில் மூளையின் முன்பக்கம், அடியாழத்தில் இருக்கும் ஒரு பகுதி அளவுக்கு மீறி இயங்குவதையும், எந்த வழியில் தேறினாலும் அது தணிவதையும் மேபெர்க் பல வருடமாகப் பார்த்துவந்தார். மூளை வரைபடத்தில் அதற்கு 25 என்று எண். பார்க்கின்சனில் மிகையாக ஓடும் இடத்தைத் தணிக்க முடிகிறதே, இதையும் தணித்தால் என்ன என்று யோசித்தார்கள்.

இங்கே 'மனச்சோர்வு' என்று நான் சொல்வது வீட்டுச் சண்டையில் வரும் வருத்தத்தை அல்ல. மாத்திரைகள் பல மாற்றி, பேச்சுச் சிகிச்சை பார்த்து, மின்னதிர்வும் கொடுத்து, எதற்கும் அசையாமல் வருடக்கணக்கில் கட்டிலோடு கிடக்கும் நிலை. அப்படிப்பட்ட ஆறு பேருக்குக் கம்பி வைத்ததை 2005ல் வெளியிட்டார்கள். அறுவை மேசையிலேயே, மின்சாரம் ஓடத் தொடங்கியபோது, சிலர் திடீரென்று ஓர் அமைதி வந்தது என்றார்கள். உள்ளே இருந்த வெறுமை காணாமல் போனது என்றார்கள். அறையில் வெளிச்சம் கூடியதாக, நிறங்கள் பளிச்சென்று தெரிவதாகச் சொன்னார்கள். எது எப்போது ஓடுகிறது என்று அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. ஆறு மாதம் கழித்தும் ஆறில் நாலு பேர் நல்ல முன்னேற்றத்தில் இருந்தார்கள்.

நான் இதை முதலில் படித்தபோது, இனி இந்த நோய்க்கு வழி பிறந்துவிட்டது என்றே நம்பினேன். உலகத்தில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

ஆறில் நாலு பேர் தேறினார்கள் என்பதை வைத்து ஒரு சிகிச்சையை எல்லோருக்கும் கொடுத்துவிட முடியாது. மூளை அறுவை நடந்தது, பெரிய மருத்துவர்கள் வாராவாரம் பார்க்கிறார்கள், கடைசி நம்பிக்கை பிறந்திருக்கிறது. இது மட்டுமே ஒரு மனிதரை ஓரளவு எழுப்பிவிடும். கருவியால் வந்த பலன் எது, நம்பிக்கையால் வந்தது எது என்று பிரிக்க வேண்டும். ஒரே வழி: எல்லோருக்கும் கம்பி வைப்பது, ஒரு பிரிவுக்கு மட்டும் மின்சாரத்தை ஓடவிடுவது, இன்னொரு பிரிவுக்கு அணைத்து வைப்பது. யாருக்கு ஓடுகிறது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, மதிப்பெண் போடுபவருக்கும் தெரியக்கூடாது.

அமெரிக்காவில் இந்தக் கருவிகளைத் தயாரித்த செயின்ட் ஜூட் நிறுவனம் இதைச் செய்தது. பிராடன் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். 2008ல் தொடங்கி 90 பேருக்குக் கம்பி வைத்தார்கள். 60 பேருக்கு ஓடியது, 30 பேருக்கு ஓடவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் ஓடிய பிரிவில் 20 சதவீதம், ஓடாத பிரிவில் 17 சதவீதம். வித்தியாசமே இல்லை என்று பொருள். நடுவிலேயே கணக்குப் பார்த்து, தொடர்ந்தாலும் தேறாது என்று புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மூளையில் வேறொரு இடத்தில் கம்பி வைத்து 30 பேரிடம் நடந்த இன்னொரு அமெரிக்க ஆய்வும், பதினாறு வாரத்தில், அதேபோல வித்தியாசமின்றி முடிந்தது.

சரி, அப்படியானால் டொராண்டோவில் அந்த ஆறு பேர் சொன்னது பொய்யா? பொய் என்று நான் நினைக்கவில்லை. பிராடன் ஆய்வில் பங்கெடுத்தவர்களைப் பிறகும் விடாமல் கவனித்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் எல்லோருக்கும் மின்சாரம் ஓடியது. இரண்டு வருடத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் நன்றாக முன்னேறியிருந்தார்கள், கால்வாசிப் பேர் நோய் நீங்கிய நிலைக்கே வந்திருந்தார்கள். இவ்வளவு கடுமையான நோய் தானாக இப்படித் தேறுவது அபூர்வம். இதை வைத்துச் சிகிச்சை வென்றது என்றும் சொல்லிவிட முடியாது. அந்தக் கட்டத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அணைத்து வைத்த பிரிவு எதுவும் இல்லை. 'தோல்வி' என்று செய்தித்தாள் போடும் ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது.

என்ன தவறியது? முதலாவது காலம் என்று எனக்குப் படுகிறது. இதே கருவி நடுக்கத்தை நொடிகளில் நிறுத்துகிறது. இறுக்கம் இளக நிமிடங்களும் மணிகளும் ஆகும். டிஸ்டோனியா என்ற தசை முறுக்கு நோய்க்கு வைத்தால் பலன் முழுதாகத் தெரிய வாரங்கள், மாதங்கள் ஆகின்றன. மனச்சோர்வு அதைவிட மெதுவானது. பத்து வருடம் படுத்தே கிடந்தவருக்குக் கட்டிலிலிருந்து எழ ஆசை வந்தாலும், எழுந்து போகச் சிநேகிதர் இல்லை, வேலை இல்லை, பழக்கம் விட்டுப்போயிற்று. வாழ்க்கையை மறுபடி கட்டுவது மின்சாரத்தின் வேலை மட்டும் இல்லை. ஆறு மாதக் கெடு என்பது நடுக்கத்தின் கடிகாரத்தை வைத்து மனத்தை அளந்ததுபோல் ஆகிவிட்டது.

இரண்டாவது இடம். அன்றைக்கு ஸ்கேனில் தெரியும் மேடு பள்ளத்தை வைத்து 25ஆம் பகுதியில் கம்பி இறக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, தேறியவர்களின் கம்பி நுனி நாலு நரம்புக் கற்றைகள் சந்திக்கும் ஒரு நாற்சந்தி மாதிரியான இடத்தில் இருந்தது தெரியவந்தது. தெரு மட்டும் சரியாக இருந்தால் போதாது, கதவு எண்ணும் சரியாக இருக்க வேண்டும். அந்தக் கற்றைகளை ஆளுக்கு ஆள் வரைந்து பார்த்துவிட்டுக் கம்பி வைத்த ஆய்வில், 11 பேரில் எட்டுப் பேர் ஆறு மாதத்திலும் ஒன்பது பேர் ஒரு வருடத்திலும் முன்னேறினார்கள். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாத சின்ன ஆய்வு அது, ஆகவே கொஞ்சம் பொறுத்துத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது அளவுகோல். நடுக்கத்துக்கு ஒரு சுழி போதும். மனத்துக்கு? போன வாரம் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த வாரம் வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் எண் மாறிவிடும். உண்மையான துக்கமும் நோயின் துக்கமும் அந்தத் தாளில் ஒரே மாதிரி தெரியும். 2023ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு வழி தேடியது. மூளைக்குள்ளிருந்து மின்னலைகளைப் பதிவுசெய்யவும் தெரிந்த கருவியைப் பத்துப் பேருக்கு வைத்தார்கள். தேறியபோது அலைகள் எப்படி மாறுகின்றன என்று கணினியைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். நாலு மாதம் நன்றாக இருந்து மறுபடி நோய்க்குள் விழுந்த ஒருவரிடம், அவர் விழுவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த அலை மாறியிருந்தது. வாயால் சொல்லும் முன் மூளை சொல்லியிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் நம்பிக்கை தரும் சேதி இதுதான்.

ஆய்வை வேறு மாதிரி அமைக்கவும் செய்யலாம். நெதர்லாந்தில் 25 பேருக்குக் கம்பி வைத்து, முதலில் ஒரு வருடம் வரை பொறுமையாக அளவுகளைச் சரிசெய்தார்கள். பத்துப் பேர் நன்றாக முன்னேறினார்கள். அதற்குப் பிறகுதான் 16 பேரிடம், யாருக்கும் தெரியாமல், ஓடும் கட்டமும் அணைத்த கட்டமுமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். அணைத்தபோது மனச்சோர்வு தெளிவாகக் கூடியது. 2016ல் இது வெளியானது. சிகிச்சைக்கு அவகாசம் கொடுத்துவிட்டுச் சோதிக்கும் இந்த முறைதான் நியாயமானது என்பது என் கருத்து. ஆனால் தேறியவரை மறுபடி அந்தக் குழியில் இறக்கிப் பார்ப்பது எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

எண்ணச்சுழற்சி நோய்க்கு 2009ல் எஃப்.டி.ஏ. கொடுத்தது முழு அனுமதி இல்லை. குறைவான பேரைப் பாதிக்கும் நோய்களுக்கு, பெரிய ஆய்வு கேட்காமல், இரக்க அடிப்படையில் கொடுக்கும் விலக்கு அது. 2011ல் மேபெர்க், நட்டின் உட்பட இந்தத் துறையின் முன்னோடிகளே அதை எதிர்த்து எழுதினார்கள். ஆய்வு செய்யாமல் பரப்பாதீர்கள் என்று, சிகிச்சையைக் கொண்டுவந்தவர்களே சொன்னார்கள். மூளையை வெட்டி மனநோயைத் தீர்க்கலாம் என்று சொன்ன போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸுக்கு 1949ல் நோபல் பரிசே கிடைத்தது. அந்த அறுவையால் எத்தனை குடும்பங்கள் நடைப்பிணமாகிப்போன மனிதர்களைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தன என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை.

மனச்சோர்வுக்கு ஆழ்மூளைத் தூண்டல் இன்றும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. யாராவது இதை உறுதியான சிகிச்சை என்று சொல்லிப் பணம் கேட்டால் விலகி வாருங்கள். முறையான ஆய்வு ஒன்றில் சேரச் சொன்னால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. அணைத்து வைக்கும் பிரிவில் விழுந்தால் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு எனக்கும் ஓடவிடுவீர்களா? நடுவில் தற்கொலை எண்ணம் வந்தால் இரவு பத்து மணிக்கு யாரைக் கூப்பிடுவது? மின்னதிர்வு, மாத்திரை எல்லாம் ஒழுங்கான அளவில், ஒழுங்கான காலத்துக்குப் பார்த்தாகிவிட்டதா? நோயாளி சொல்லும் 'சரி' அவருடைய சரியா, களைத்துப்போன குடும்பத்தின் சரியா?

கடைசியாக ஒன்று. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் அதிக மின்சாரம் தேவைப்படுகிறது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆய்வு முடிந்து நிறுவனமும் கையை விரித்துவிட்டால், நன்றாகத் தேறி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவரின் நெஞ்சுப் பெட்டியில் சார்ஜ் இறங்கும் அன்று, புதுப் பேட்டரிக்கு யார் பணம் கட்டுவது? அந்தப் பதில் எழுத்தில் வரும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.